ரெண்டு தவ் இறுக்கம் எல்லாப் பித்தளைக்கும் ஒண்டா?

பெப்ரவரி 2. களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவரின் கேள்வி

கனடாவில இருக்கிற மச்சான் ரைபிள் கிளப்புக்குப் போறவர். சுட்ட ரவைக் கோதைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து, கழுத்தில ரெண்டு தவ் (தவ் எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு) இறுக்கம் வச்சு, அதாவது கழுத்துத் துளையைக் குண்டை விட அவ்வளவு சின்னனா வச்சுத்தான் குண்டை ஏத்துறாராம். குண்டு அசையவே அசையாதாம். நானும் வயல் பம்புக்குக் கன்மெட்டல் புஷ் (சாப்ட், அதாவது சுழல்தண்டு, உள்ள சுத்துற செம்புக் கலவைக் குழாய்த் துண்டு) இறக்கக்குள்ள அதே ரெண்டு தவ்தான் விடுறன். புஷ்ஷின்ட வெளி விட்டம் 28 மி.மீ., சாப்ட் 22 மி.மீ., புஷ் இறங்குற கூடு வார்ப்பிரும்பு. ஒரு போகம் ஒழுங்கா ஓடல்ல, புஷ் கூட்டுக்குள்ள கிறுகுது. அடுத்த முறை மூணு தவ் விடுவமா? பித்தளை எங்கயும் பித்தளைதானே.

பெப்ரவரி 2, இரவு

மூணு விடாதீங்க. ரெண்டே கூட.

இறுக்கத்தைத் தவ்வில மட்டும் சொன்னா அதில பாதிக் கதைதான் இருக்கு. மற்றப் பாதி விட்டம். ரெண்டு தவ் எண்டா 0.05 மி.மீ. மச்சான்ட குண்டு .308 அங்குலம் எண்டு வச்சா விட்டம் 7.8 மி.மீ. அதில 0.05 எண்டது நூற்றுக்கு 0.64. உங்கட புஷ்ஷில நூற்றுக்கு 0.18தான். ஒரே ரெண்டு தவ், ஆனா கோதுக் கழுத்துப் படுற பாடு உங்கட புஷ்ஷைப்போல மூன்றரை மடங்கு. அப்ப உங்களுக்கு இன்னும் கூட்டலாமே எண்டு கேப்பீங்க. கூட்ட ஏலாது. ஏனெண்டு நாளைக்கு எழுதுறன், விரிவா எழுத வேணும்.

இப்போதைக்கு ஒண்டு: 28 புஷ்ஷுக்கு 0.03 மி.மீ., மிஞ்சினா 0.035. புஷ் உள்ள போனதும் அதின்ட உள்விட்டம் இறுக்கத்தில பாதியளவு சுருங்கும். அதைக் கணக்கில எடுங்க.

பெப்ரவரி 3

நேற்று "பாதியளவு சுருங்கும்" எண்டது பிழை. சுவர் 3 மி.மீ. தடிப்பு, வெளியில கனத்த வார்ப்பிரும்பு. அந்தக் கூடு அசையாது, எல்லாத்தையும் புஷ்தான் வாங்கும். 0.03 இறுக்கினா உள்விட்டமும் ஏறக்குறைய அதே 0.03 சுருங்கும். பாதி எண்டது கூடும் மெல்லிசா இருந்தா வாற கணக்கு. திருத்தி வாசிங்க.

சாப்டுக்கு விட வேண்டிய இடைவெளி 0.05. முதலே 22.08 குடைஞ்சு வச்சா இறக்கினாப்பிறகு 22.05 வரும் எண்டு கடதாசி சொல்லும். கடதாசியை நம்பாதீங்க. 21.80 குடைஞ்சு, இறக்கி, மறுகா கூட்டோட லேத்தில கட்டி முடிக்கிறதுதான் நேர். கூட்டைக் கட்ட ஏலாட்டி கூட்டிக் குறைக்கிற ரீமர் போடுங்க, ஒரு தரத்துக்கு 0.05க்கு மேல எடுக்காம.

பெப்ரவரி 3, பின்னேரம்

ஏன் கூட்ட ஏலாது எண்ட கதைக்கு வாறன்.

பித்தளையோ கன்மெட்டலோ, ஓரளவு நெருக்கினா ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். புஷ்ஷைப் பிடிச்சு வச்சிருக்கிறது அந்தத் தள்ளல்தான். ஓர் எல்லை தாண்டினா தள்ளுறதை விட்டுட்டு நெளிஞ்சு கொடுக்கும், நெளிஞ்சது நெளிஞ்சதுதான். சாதாரண கன்மெட்டல் வார்ப்பு, அந்த 85-5-5-5 (செம்பு, தகரம், நாகம் எண்ட துத்தநாகம், ஈயம்), சதுர மில்லிமீட்டருக்கு 100 முதல் 130 நியூட்டனுக்குள்ள அந்த எல்லையைத் தொடும். விட்டத்தில நூற்றுக்கு 0.1 சொச்சம். 28க்கு அது சுமார் 0.03. அதுக்கு மேல நீங்க விடுற ஒவ்வொரு மைக்ரானும் (மில்லிமீட்டரில ஆயிரத்தில ஒண்டு) பிடியைக் கூட்டாது, உலோகத்தை நசுக்கும். 0.05 விட்டாலும் 0.08 விட்டாலும் பிடி கிட்டத்தட்ட 0.03 விட்ட பிடிதான். கூட்டினதில மிச்சம் வாறது ரெண்டு: உள்விட்டம் கோணும், இல்லாட்டி வார்ப்பிரும்புக் கூட்டின்ட காது வெடிக்கும்.

கோதுக் கழுத்திலயும் இதே எல்லை இருக்கு. அது 70க்கு 30 பித்தளை, இறுகின நிலையில சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் வரைக்கும் தாங்கும் எண்டு வைப்பம். அப்ப கழுத்தில எதிர்த்துத் தள்ளுற பங்கு ஒரு தவ், ஒண்டேகால் தவ்தான். மச்சான் ரெண்டு தவ் வச்சாலும், ஏறுற குண்டே கழுத்தைத் தள்ளி விரிச்சுட்டு அந்த ஒரு தவ் பிடியில நிக்கும். குண்டைத் திரும்பக் கழட்டிட்டுக் கழுத்தை அளக்கச் சொல்லுங்க: குண்டை விட ஒரு தவ் அளவுதான் சின்னனா இருக்கும், ரெண்டு இருக்காது.

பெப்ரவரி 4

களுவாஞ்சிகுடி வாசகர் கேக்கிறார்: "அப்ப அவங்கள் ஏன் ரெண்டு எண்டு கணக்கு வைக்கிறாங்கள்?"

ரெண்டு விட்டா ஒண்டு நிச்சயம் கிடைக்கும் எண்டு. கோதுக்குக் கோது சுவர்த் தடிப்பு வித்தியாசம், எத்தனை தரம் சுட்டது எண்டது வித்தியாசம். அவங்கட வேலை ஒழுங்கு இதுதான். குண்டு ஏத்தின கோதின்ட கழுத்து வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில எடுப்பாங்கள். .308 கோதில சுவர் 14 தவ் எண்டா 308ஓட இரண்டு சுவர் 28, மொத்தம் 336. அளவு டையில (கோதை அமுக்கி அளவுக்குக் கொண்டுவாற அச்சு) போடுற உருக்கு வளையத்தை அதை விட மூணு தவ் சின்னனா, 333ஆ, எடுப்பாங்கள். கழுத்து வளையத்தை விட்டு வெளிய வந்ததும் அரைத் தவ்விலிருந்து ஒரு தவ் வரைக்கும் திரும்ப விரியும். மிஞ்சுறது ரெண்டு.

இந்தத் திரும்ப விரியிறதிலதான் எல்லாம் கிடக்கு. புதுக் கோது மெதுமை, கொஞ்சமா விரியும். ஏழெட்டுத் தரம் சுட்டு அமுக்கின கோது இறுகிப்போய்க் கூட விரியும். ஒரே டை, ஒரே வளையம், வேற வேற கழுத்து. அதனாலதான் இடைக்கிடை கழுத்தை மட்டும் சுட வச்சு மெதுவாக்குறது.

இங்க இதைச் செய்து பாக்க யாரும் வெளிக்கிட வேண்டாம். உரிமம் இல்லாம ரவையில கை வைக்க ஏலாது. நான் கதைக்கிறது உலோகத்தைப் பற்றி.

பெப்ரவரி 4, இரவு

உங்கட புஷ் ஏன் கிறுகுது எண்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லல்ல. எல்லையில நிண்ட புஷ்ஷை வெயிலும் உராய்வும் சேர்ந்து தோக்கடிக்குது.

கன்மெட்டல் ஒரு பாகை சூட்டுக்கு மீட்டருக்கு 18 மைக்ரான் நீளும், வார்ப்பிரும்பு பத்தரை, பதினொண்டுதான். கிறீஸ் கப் காஞ்ச பம்ப் 60 பாகை கூடச் சுட்டா 28 மி.மீ.க்கு 0.012 வித்தியாசம். புஷ் பெருக்கப் பார்க்கும், கூடு விடாது. ஏற்கெனவே எல்லையில நிண்ட புஷ் அந்த 0.012ஐயும் நெளிஞ்சே கொடுக்கும். இரவில ஆறக்குள்ள திரும்பச் சுருங்கும், நெளிஞ்சது மட்டும் திரும்பி வராது. 0.03 பிடியில 0.012 அண்டைக்கே போயிட்டு. ரெண்டு தவ் விட்டவர் நினைப்பார் "இவ்வளவு இறுக்கமா அடிச்சமே" எண்டு. இறுக்கம் கூடினதாலதான் எல்லையில நிண்டது.

அலுமினியக் கூடு எண்டா கதை தலைகீழ். அலுமினியம் 23 நீளும். சுடச் சுடக் கூடு விலகும், புஷ் தளரும். மோட்டார்சைக்கிள் எஞ்சின் வேலை செய்யிறவங்க பாதி புஷ்ஷுக்குள்ளயும் பாதி கூட்டுக்குள்ளயும் நிக்கிற மாதிரித் தலையில்லாத ஸ்குரு இறுக்குறது அதுக்குத்தான்.

பெப்ரவரி 6

அளக்கிற விசயம். "0.05 விட்டன்" எண்டா எதால அளந்தீங்க?

வேர்னியராலயெண்டா அந்த 0.05 என்ற எண்ணுக்குப் பெறுமதி இல்ல. வேர்னியர் ரெண்டு கோடு தவறினா 0.04. வெளிக்கு மைக்ரோமீட்டர், உள்ளுக்கு டயல் போர் கேஜ். அது இல்லாட்டி விரியிற டெலஸ்கோப் கேஜை வச்சு, எடுத்து, மைக்ரோமீட்டருக்குள்ள பிடிச்சுப் பாருங்க. கூட்டை மேல, நடுவில, அடியில, ஒவ்வொரு இடத்திலயும் குறுக்கும் நெடுக்குமா அளக்க வேணும். மொத்தம் ஆறு அளவு. புஷ் ஒருக்காக் கிறுகின கூடு வட்டமா இருக்கும் எண்டு நினைச்சா அது ஆசைதான்.

கடைஞ்ச கையோட அளக்காதீங்க. லேத்தில இருந்து வந்த புஷ் 30 பாகை கூடச் சூடா இருந்தா 28 விட்டம் 0.015 பெருசாத் தெரியும். ஆறினாப்பிறகு உங்கட 0.03 இறுக்கத்தில பாதி காணாம போயிருக்கும். ஒரு பிளேன்டீ குடிச்சுட்டு வந்து அளங்க.

கடைசல் கரடுமுரடா இருந்தா அதிலயும் ஒரு பங்கு போகும். மைக்ரோமீட்டர் தொடுறது கடைசல் வரியின்ட உச்சியை. அழுத்தக்குள்ள உச்சியெல்லாம் நசுங்கும், புஷ்ஷிலயும் கூட்டிலயும் சேத்துப் பத்து, பதினைஞ்சு மைக்ரான். கடைசி வெட்டு மெல்லிசா, கூரான டூலால, மெதுவான நகர்வில எடுங்க. எமரித் தாளால தேச்சுப் பளபளப்பாக்கினா கண்ணுக்குத்தான் வடிவு, வட்டம் கெடும்.

பெப்ரவரி 7

நிந்தவூர்க் காக்கா ஒருவர் கேட்டது: "சுத்தியலால தட்டி இறக்கினா என்னகா பிழை?"

புஷ் சரிஞ்சு போகும், விளிம்பு கூட்டில உரசிச் சீவும். வெளிய வாற அந்த மினுங்குற மயிர்மாதிரிச் சீவலைப் பார்த்திருப்பீங்க. அதுதான் உங்கட இறுக்கம், நிலத்தில கிடக்கு.

நான் சொல்ற முறை: புஷ்ஷின்ட நுனியில ஒரு மி.மீ. நீளத்துக்கு 15 பாகைச் சரிவு, கூட்டு வாய் விளிம்பை லேசா உடைச்சு விடுங்க. ஒயில் துளையும் கூட்டுத் துளையும் நேராக ரெண்டிலயும் கோடு கீறி வையுங்க, உள்ள போனாப்பிறகு திருப்ப ஏலாது. ஹைட்ரோலிக் பிரஸ் இல்லாட்டி நீட்டுப் போல்ட், ரெண்டு தடிப்பு வாசர், நட்டு. நடுவில உள்விட்டத்துக்கு 0.05 குறைஞ்ச படிவச்ச உருக்குத் துண்டு. நட்டை இறுக்கினா புஷ் நேராப் போகும்.

அதை விட லேசு: குளிரும் சூடும். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18. முப்பதிலிருந்து அங்க போனா 28 புஷ் 0.024 சுருங்கும். கூட்டைக் கொதிதண்ணியில கால் மணித்தியாலம் வச்சா 0.02 விரியும். சேத்தா 0.044. உங்களுக்கு வேண்டியது 0.03. கையாலயே போகும், மிச்சம் 0.014 இடம். ஆனா சுவர் 3 மி.மீ. புஷ் பத்து செக்கனுக்குள்ள சூடு வாங்கிடும், இடையில நிண்டா நிண்டதுதான். கூட்டை வைஸில கட்டி, துண்டால துடைச்சு, தள்ளுற கட்டையைக் கையில வச்சுக்கொண்டுதான் ஃபிரீசர் கதவைத் திறக்கிறது.

ஃபிரீசரில வீட்டுக்காரர் இடம் தராட்டி, வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் மீன் ஐஸுக்குப் பஞ்சமில்ல. நொறுக்கின ஐஸ் மூணு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. மைனஸ் 15 வரைக்கும் இறங்கும். புஷ்ஷைப் பொலித்தீன்ல சுத்திப் போடுங்க, உப்புத்தண்ணி ஒட்டக்கூடாது.

பெப்ரவரி 9

இன்னொரு விசயம். இறுக்கிப் போட்ட பித்தளை மாட்டுப்பட்டிப் பக்கம், யூரியா மூடைப் பக்கம் கிடந்தா வெடிக்கும். இந்தியாவில பிரிட்டிஷ் பட்டாளம் ரவையைக் குதிரை லாயத்தில அடுக்கி வைக்க, மழைக்காலத்தில கோதுக் கழுத்தெல்லாம் தானாக் கீறல் விட்டுது. மழைக்காலத்தில வந்ததால "பருவ வெடிப்பு" எண்ட அர்த்தத்திலயே அதுக்குப் பேர் வந்துது. குதிரை மூத்திரத்தில இருந்து வாற அமோனியாதான் காரணம் எண்டு 1921இலதான் ஒழுங்கா விளங்கினது. ஈரம், அமோனியா, உள்ளுக்கு இருக்கிற இறுக்கம், மூணும் சேரவேணும். எங்கட மாரியும் மாட்டு மூத்திரமும் அதுக்குக் குறைஞ்சதில்ல. ஆகையால உங்கட புஷ்ஷும் வெடிக்கலாம்.

பெப்ரவரி 9, ஒரு மணித்தியாலம் கழிச்சு

கடைசி வரியை எடுத்துக்கொள்றன். புஷ் வெடிக்காது.

அமோனியா கீறுறது இழுபடுற பித்தளையை, நெருக்குப்படுறதை இல்ல. கோதுக் கழுத்து குண்டுக்கு வெளிய நிக்குது, குண்டு அதை விரிச்சு இழுக்குது. புஷ் கூட்டுக்கு உள்ள நிக்குது, கூடு அதை நெருக்குது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வித்தியாசம் இது, மச்சானுக்கும் உங்களுக்கும் இடையில இருக்கிற உண்மையான வித்தியாசமும் இதுதான். அவருக்குப் பித்தளை வெளிய, உங்களுக்கு உள்ள.

அப்ப இங்க எது வெடிக்கும்? வெளியால இழுபடுற பித்தளை எல்லாம்: பைப்பில முறுக்கி இறுக்கின பித்தளை நட்டு, சாப்டுக்கு மேல சுட வச்சு ஏத்தின பித்தளை வளையம், மருந்தடிக்கிற டாங்கியின்ட மூட்டு. உரமும் மருந்தும் வைக்கிற கொட்டிலுக்குள்ள தொங்கவிட்ட ஸ்ப்ரேயரில நட்டு நெடுக்காகப் பிளந்திருந்தா சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இறுக்கினது கூட எண்டு பொடியனைப் பேசுறதுக்கு முதல் கொட்டிலை மணந்து பாருங்க.

பெப்ரவரி 12

சூடாக்கி மெதுவாக்கிறதைப் பற்றி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. தகட்டுப் பித்தளையை உருட்டி வளையம் செய்யிறவங்களுக்கு இது வேணும், வார்ப்பு புஷ்ஷுக்குத் தேவையில்ல.

உருக்குப் பழக்கத்தை மறந்துடுங்க. பித்தளையைச் சுட்டுத் தண்ணியில போட்டா இறுகாது. தண்ணி சூட்டை நிப்பாட்டுது, அவ்வளவுதான். இருட்டில வச்சுச் சுடுங்க. மங்கின சிவப்பு தெரியத் தொடங்கினா உடனே நெருப்பை எடுக்கவேணும், அதுக்கு மேல போனா உலோகத்துக்குள்ள இருக்கிற மணிகள் பெருத்து, வளைச்சா தோடம்பழத் தோல் மாதிரிக் குருணை தட்டும். இன்னும் சுட்டா வெள்ளைப் புகை வரும். அது நாகம் எரியிறது, மூச்சில எடுத்தா இரவைக்குக் காய்ச்சல் குளிர் வரும்.

ரவைக் கோதைச் சூடாக்கி மெதுவாக்குறவங்க அந்தச் சிவப்புக்கே போறதில்ல, சில செக்கன்தான், கழுத்திலயும் தோளிலயும் மட்டும். அடிப்பக்கம் மெதுவாகிட்டா அமுக்கத்தைத் தாங்காது, ரைபிளுக்குள்ளயே கிழியும்.

பெப்ரவரி 13

உலோகம் வாங்கிற இடத்திலதான் பாதிப்பேர் ஏமாறுறது. பழைய இரும்புக் கடையில "கன்மெட்டல்" எண்டு தாறது பல நேரம் பித்தளை. ஒரு அரம் போடுங்க: மஞ்சள் எண்டா பித்தளை, சிவப்புச் சாயல் எண்டா கன்மெட்டல். லேத்தில 60க்கு 40 பித்தளை தூள்மாதிரிப் பறக்கும், 70க்கு 30 சுருண்டு வரும்.

வயல் நல்ல தண்ணிக்குப் பித்தளை ஒரு மாதிரி ஓடும். வாவித் தண்ணி, கடல் தண்ணி எண்டா சாதாரணப் பித்தளை வேண்டாம். நாகம் கரைஞ்சு போய்ச் செம்பு மட்டும் கடற்பஞ்சு மாதிரி மிஞ்சும். அளவு மாறாது, ஆனா ஊசியால குத்தினா உதிரும். இளஞ்சிவப்புப் புள்ளி கண்டா கழட்டி எறிங்க. கன்மெட்டலில நாகம் குறைவு, அதால தாங்குது.

வார்க்கிறவங்களுக்கு ஒரு வரி: பழைய பித்தளைக் குவியலில ரவைக் கோது கிடந்தா உருக்குக் கோப்பைக்குள்ள போடாதீங்க. சுட்டதா சுடாததா எண்டு நெருப்பில வச்சுக் கண்டுபிடிக்கிற வேலை இல்ல அது.

பெப்ரவரி 17

களுவாஞ்சிகுடி வாசகர் போர் கேஜ் இரவல் வாங்கி அளந்து போட்டிருக்கார்: கூட்டு வாயில குறுக்க 28.09, நெடுக்க 28.01. அடியில 28.02, 28.02.

விடை இதுக்குள்ளயே இருக்கு. வாயில 0.08 கோணல். நீங்க 28.05 புஷ் இறக்கினா அடியில 0.03 இறுக்கம், வாயில ஒரு பக்கம் 0.04, மறுபக்கம் 0.04 வெளி. பாதிப் புஷ் காத்தில நிண்டது. இவ்வளவு நாளும் நான் எழுதின நெளிவுக் கணக்கெல்லாம் ரெண்டாம் காரணம்தான், முதல் காரணம் வட்டம் போன கூடு. முதல் நாளே அளவைக் கேட்டிருக்க வேணும், கேக்காதது என்ட பிழை.

செய்ய வேண்டியது: கூட்டை லேத்தில கட்டி, டயலால அடிப்பக்க விட்டத்தை மையமாக்கி, 28.50க்குக் குடையுங்க. 28.50 வராட்டியும் காரியமில்ல, 28.47 வந்தா 28.47, வட்டமா இருந்தாச் சரி. ஆறு அளவும் 0.01க்குள்ள நிக்க வேணும். புஷ் அந்த அளவோட 0.03 சேத்து. உள்ள 21.80. குளிர வச்சு இறக்கி, மறுகா 22.05.

குடைய லேத் கிடைக்காட்டி, பெரும்போக அறுவடை முடியும் வரைக்கும் ஓட்டியே ஆகவேணும் எண்டா, லொக்டைட் 638 மாதிரி உலோகம் பிடிக்கிற பசை ஒண்டு பூசி இறக்கலாம். 0.04 வெளியை அது நிரப்பும். பித்தளை இனத்தோட விரைவாப் பிடிக்கும், அதால பூசினாப்பிறகு யோசிச்சுக்கொண்டு நிக்க நேரமில்ல. ரெண்டு பக்கமும் தின்னரால கழுவி, ஒயில் ஒரு சொட்டும் இல்லாமக் காய வையுங்க. ஒயில் துளைக்குள்ள பசை போகாமப் போகக்குள்ளயே ஒரு ஈர்க்கைச் செருகி வையுங்க.

பெப்ரவரி 18

ஈர்க்கைப் பிறகு எடுக்க மறக்காதீங்க.